ரத்தப் பிரிவு பார்த்தா வருகிறது வைரஸ்?

(சங்கக் கட்டிடத்தில் ஞாயிறு மாலை விஞ்ஞான வகுப்பில், ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்தபோது ஆற்றிய உரை.)

சென்ற வகுப்பு முடிந்து கலைகிற நேரத்தில் ஸ்பின்னிங் பகுதித் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். ‘ஓ குரூப் ரத்தக்காரனை வைரஸ் தொடாது என்கிறார்களே, மெய்தானா?’ என்றார். நேரமாகிவிட்டது, அடுத்த வகுப்பில் பேசுவோம் என்றோம். அந்தக் கேள்விக்காகவே இன்றைய வகுப்பு.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 2020இல், கொரோனா வந்து ஆலை வாசல் பூட்டிக் கிடந்த நாட்களில், இதே பேச்சைக் கேட்டோம். நம்முடைய தோழர் ஒருவர், பெயர் வேண்டாம், பத்திரிகையில் வந்த ஒரு துணுக்கைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். முகமூடி போடமாட்டார். கேட்டால், ‘தோழர், நான் ஓ பாசிட்டிவ். என்னை எது தொடும்?’ என்பார். மறு வருஷம் ஊசி வந்தபோதும் போய் வரிசையில் நிற்கவில்லை. அவருக்கு ஜுரம் கண்டது, நாலு நாளில் எழுந்துவிட்டார். ஆனால் ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் படுத்திருந்த அவருடைய மாமனார் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெரியவருக்கும் ஓ குரூப்புதான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மா நம்மைத் தேடி வந்தார். ‘தம்பி, என் மகளுக்குப் பிரசவச் சீட்டுல ஏ குரூப்புன்னு எழுதியிருக்கு. ஏ குரூப்புக்கு அந்த நோய் வந்தா பிழைக்காதாமே? சாவு எழுதினாப்பலதானா?’ என்று கண் கலங்கினார். ஒரே துணுக்குச் செய்தி ஒருவருடைய எச்சரிக்கையைத் திருடிற்று. இன்னொருவருடைய தூக்கத்தைத் திருடிற்று. ஆகவே இதை லேசான விஷயம் என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை.

முதலில் ரத்தப் பிரிவு என்றால் என்ன?

ஆலையில் நூல் சுற்றுகிற கோனுக்கு முனையில் வர்ணம் உண்டு. நாற்பதாம் நம்பருக்கு ஒரு வர்ணம், அறுபதுக்கு ஒரு வர்ணம். எதற்கு? ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதற்காக. ரத்தத்தில் மிதக்கிற சிவப்பு அணுவின் மேலும் இப்படி ஓர் அடையாளம் இருக்கிறது. அது வர்ணமல்ல, ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி. அந்தச் சங்கிலியின் நுனியில் ஒருவகைச் சர்க்கரை ஒட்டினால் ஏ. வேறுவகை ஒட்டினால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. எதுவும் ஒட்டாமல் மொட்டையாக நின்றால் ஓ. அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணிப் பார்த்தால் மிகச் சின்ன வித்தியாசம்.

ஆனால் உடம்பு இதைச் சின்னதாக நினைப்பதில்லை. ஏ பிரிவுக்காரர் உடம்பில் பிக்கு எதிரான காவற்படை எப்போதும் தயாராயிருக்கும். பி பிரிவுக்காரர் உடம்பில் ஏவுக்கு எதிரானது. ஓ பிரிவுக்காரரிடம் இரண்டுக்கும் எதிரான படை உண்டு. ஏபிக்காரரிடம் இரண்டும் கிடையாது. மாற்றி ரத்தம் ஏற்றினால் அந்தப் படை வந்த ரத்தத்தை அடித்து நொறுக்கும். ஆள் சாகவும் கூடும். 1901இல் வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற விஞ்ஞானி தன்னுடைய ரத்தத்தையும் கூட வேலை செய்தவர்களுடைய ரத்தத்தையும் கலந்து கலந்து பார்த்து ஏ, பி, ஓ பிரிவுகளைக் கண்டுபிடித்து எழுதினார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். இதே மனிதர்தான், 1908இல், எர்வின் பாப்பர் என்பவருடன் சேர்ந்து, இளம்பிள்ளை வாதம் வைரஸினால் வருவது என்பதையும் காட்டினார். நம்முடைய கேள்வியின் இரண்டு முனையிலும் ஒரே ஆள் நிற்கிறார்!

இடையில் ஒரு வார்த்தை. முதல் உலக யுத்தத்தின்போது சலோனிகா போர்முனையில், ஹிர்ஷ்ஃபெல்டு என்ற போலந்து நாட்டு டாக்டர் தம்பதிகள், பல நாட்டுச் சிப்பாய்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 1919இல் கணக்கை வெளியிட்டார்கள். ஆங்கிலச் சிப்பாய்களில் பி பிரிவு நூற்றுக்கு 7 பேர். இந்தியச் சிப்பாய்களில் நூற்றுக்கு 40க்கு மேல். ஆனால் எந்த நாட்டுப் பட்டாளத்திலும் ஒரே ரத்தம் இல்லை. நாலு பிரிவும் எல்லாரிடமும் கலந்தே கிடந்தன. ‘எங்கள் ரத்தம் வேறு, உங்கள் ரத்தம் வேறு’ என்று வரப்பில் நின்று பேசுகிற மிராசுதாருக்கு ஓ பிரிவாயிருந்து, சேற்றில் நிற்கிற பண்ணையாளுக்கும் ஓ பிரிவாயிருந்தால், மிராசுதாரின் சொந்தத் தம்பி ரத்தத்தைவிடப் பண்ணையாள் ரத்தமே அவருக்குப் பொருந்தக்கூடும். இந்த 7, 40 என்ற கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி வைரஸ் விஷயத்துக்கு வருவோம். கொரோனாவுக்கு முன்னால் இன்னொரு நோயைப் பற்றிப் பேச வேண்டும். நம் பாட்டன் பாட்டி முகத்தில் தழும்பு வைத்துவிட்டுப் போன நோய். பெரியம்மை. வைசூரி. பெயரைச் சொல்லவே பயந்து, ‘முத்துப் போட்டிருக்கிறது’ என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகிய நோய்.

இதற்கும் ரத்தப் பிரிவுக்கும் சம்பந்தம் உண்டா என்று 1960ஆம் வருஷத்தையொட்டி ஜெர்மனியில் ஃபோகல் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் கேட்டார்கள். அவர்கள் யோசனை இது: அம்மை வைரஸின் மேலே ஏ சர்க்கரை மாதிரியான ஒரு பொருள் இருப்பதாகத் தெரிகிறது. ஏ பிரிவுக்காரர் உடம்பு ஏவுக்கு எதிராகப் படை திரட்டாது. திரட்டினால் தன்னையே அடித்துக்கொள்ளும். ஆகவே வைரஸ் உள்ளே வரும்போது ‘நம் ஆள்’ என்று நினைத்து விட்டுவிடும். கருங்காலி நம் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குள் நுழைகிற மாதிரி. ஓ, பி பிரிவுக்காரரிடமோ ஏவுக்கு எதிரான படை தயாராயிருக்கிறது, வாசலிலேயே பிடித்துவிடும். யோசனை அழகாயிருக்கிறது. ஆனால் அழகாயிருப்பது எல்லாம் உண்மையாகிவிடுமா? சோதிக்க வேண்டும்.

எங்கே சோதிப்பது? ஜெர்மனியில் முடியாது. அங்கே பெரியம்மை ஒழிந்து வெகுகாலம். ஆகவே ஃபோகலும், கல்கத்தாவைச் சேர்ந்த சக்கரவர்த்தியும் மேற்கு வங்கம், பீகார் கிராமங்களுக்குப் போனார்கள். 1965, 66ஆம் வருஷங்கள். அம்மை கண்ட 415 பேரைப் பார்த்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இணையாக, அதே வீட்டில் நோய் காணாத உடன்பிறந்தவர் ஒருவரையும் எடுத்தார்கள். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே பாய். ஆகவே வேறு காரணம் சொல்ல இடமில்லை என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான்.

கணக்கு என்ன சொல்லிற்று? நோயாளிகள் 415 பேரில் ஏ, ஏபி இரண்டும் சேர்ந்து 261 பேர். ஓ, பி 154 பேர். நோய் காணாத உடன்பிறப்புகள் 415 பேரில் ஏ, ஏபி வெறும் 80 பேர். ஓ, பி 335 பேர். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 63, காணாதவர்களில் நூற்றுக்கு 19! ஏ உள்ளவர்களுக்கு ஆபத்து ஏழு மடங்கு என்று கணக்கு வந்தது. நோய் கடுமையாவதும் அவர்களிடமே அதிகம் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. இந்தியாவில் பி ஏன் அதிகம், ஏ ஏன் குறைவு? நூற்றாண்டு நூற்றாண்டாகப் பெரியம்மை வந்து ஏ பிரிவுக்காரரை வாரிக்கொண்டு போயிற்று, அதனால்தான் என்றார் ஃபோகல். சலோனிகாக் கணக்குக்கு இப்படி ஒரு விளக்கம்.

கேட்கும்போது மெய் சிலிர்க்கிறது அல்லவா? நம் ரத்தத்திலேயே கொள்ளைநோயின் சரித்திரம் எழுதியிருக்கிறது என்கிறார்கள்.

ஆனால், தோழர்களே, அதே வேளையில் சென்னையில் என்ன நடந்தது?

தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் ஆஸ்பத்திரி. வட சென்னையின் ஆலைத் தொழிலாளரும், துறைமுகக் கூலிகளும், குடிசைவாசிகளும் அம்மை கண்டால் வந்து சேருகிற இடம் அதுதான். அங்கே டாக்டர் ஏ.ஆர். ராவ், பெரியம்மையைப் பற்றி உலகத்திலேயே நன்கு அறிந்தவர்களில் ஒருவர். லிவர்பூலிலிருந்து டௌனி, அமெரிக்காவிலிருந்து கெம்பி முதலியவர்கள் வந்து அவருடன் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்களும் நோயாளிகளின் ரத்தப் பிரிவைப் பார்த்தார்கள். நோய் காண்பதிலும் சரி, நோய் கடுமையாவதிலும் சரி, பிரிவுக்குப் பிரிவு வித்தியாசமே இல்லை! 1965இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் இதை வெளியிட்டார்கள். பம்பாயில் பார்த்தவர்களுக்கும் வித்தியாசம் கிடைக்கவில்லை. வைரஸ் மேல் இருந்ததாகச் சொன்ன அந்த ஏ பொருளையும் மற்றவர்கள் ஆராய்ந்தார்கள். அது வைரஸின் சொந்தச் சொத்தல்ல, எந்தப் பிராணியின் திசுவில் வளர்த்தார்களோ அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது என்று காட்டினார்கள். கருங்காலி போட்டிருந்த சட்டை நம்முடையதே அல்ல என்றாயிற்று.

இரண்டு பேரும் யோக்கியர்கள். இரண்டு பேரும் படித்தவர்கள். விடை மட்டும் நேர் எதிர். எப்படி? ஃபோகல் கட்சியினர் சொன்னார்கள்: எங்கள் ஆட்கள் அம்மை குத்திக்கொள்ளாத கிராமத்து ஜனங்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் குத்திக்கொண்டவர்களும் உண்டு, அவர்களிடம் வித்தியாசம் மறைந்துபோகும். எதிர்க் கட்சியினர் கேட்டார்கள்: உங்கள் வித்தியாசம் இவ்வளவு பெரிதென்றால் கொஞ்சமாவது மற்ற இடத்தில் தலைகாட்ட வேண்டாமா? ஏழு மடங்கு என்பது ஒளித்து வைக்கிற சமாசாரமா? நமக்கு இரண்டாவது கேள்விதான் நியாயமாகப் படுகிறது. ஒரே ஓர் ஆராய்ச்சியில் மட்டும் யானை போலத் தெரிந்து மற்ற இடத்தில் எறும்பாகக்கூடத் தெரியாத ஒன்றை நம்புவது கஷ்டம்.

ஆனால் இந்த வழக்கில் தீர்ப்பு வராது. ஏன் தெரியுமா? சோதிப்பதற்கு நோயாளி இல்லை! நோயே உலகத்திலிருந்து போய்விட்டது.

அது எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லாமல் மேலே போக நமக்கு மனமில்லை.

1796இல் இங்கிலாந்தில் ஜென்னர் அம்மை குத்தும் முறையைக் கண்டார். ஆறே வருஷத்தில், 1802இல், பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமிக்கு முதன்முதல் குத்தினார்கள். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் 1899இல் ஏற்பட்டது. அம்மைப்பால் தயாரிக்கவே ஏற்பட்டது. சரி. அப்படியானால் 1965இல், அதாவது முதல் ஊசி குத்தி 163 வருஷம் கழித்து, வங்கத்திலும் பீகாரிலும் அம்மை குத்தாத கிராமத்து ஜனங்கள் ஓர் ஆராய்ச்சிக்குப் போதுமான அளவு எப்படிக் கிடைத்தார்கள்? லண்டனில் தேடியிருந்தால் கிடைத்திருப்பார்களா? தொழிலதிபர் வீட்டில், ஜமீன்தார் மாளிகையில் தேடியிருந்தால் கிடைத்திருப்பார்களா? அந்த 415 பேருக்கும் பொதுவாயிருந்த ஒன்று ஏ சர்க்கரை அல்ல. 163 வருஷமாக அவர்கள் குடிசைக்கு ஊசி வந்து சேரவில்லை, அதுதான் பொது. ரத்தப் பிரிவை எழுதிய அதே தாளில் இந்த விஷயமும் இருக்கிறது, தலைப்பாகத்தான் வரவில்லை.

1958இல் மினியாபோலிஸ் நகரில் கூடிய உலக சுகாதார மகாநாட்டில் சோவியத் யூனியனின் சுகாதாரத் துணை மந்திரி விக்டர் ஸ்தானோவ் எழுந்து, பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிப்போம் என்று பிரேரணை கொண்டுவந்தார். பலர் நடக்கிற காரியமா என்று சந்தேகித்தார்கள். சோவியத் நாடு பேச்சோடு நிற்கவில்லை. வெயிலில் கெட்டுப்போகாத உலர்ந்த அம்மைப்பாலைக் கோடி கோடியாக இலவசமாகக் கொடுத்தது. இந்தியாவுக்கும் ஏராளமாக வந்தது. 1962இல் இந்திய சர்க்கார் ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. அமெரிக்க விஞ்ஞானிகளும் சோவியத் விஞ்ஞானிகளும், அந்தக் கெடுபிடி யுத்த காலத்திலும், ஒரே திட்டத்தில் வேலை செய்தார்கள் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

லேசில் போகவில்லை. 1974இல் இந்தியாவில் மட்டும் சுமார் 1,88,000 பேருக்குக் கண்டது. 31,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பீகாரில் ஜாம்ஷெட்பூர் எஃகு நகரத்தில் நோய் பற்றிக்கொண்டபோது, அங்கே கூலிக்கு வந்து ஊர் திரும்பிய ஜனங்களோடு ரயிலேறிப் பல ஜில்லாக்களுக்குப் பரவிற்று. வீடு வீடாகப் போனார்கள். நோய் கண்ட வீட்டைச் சுற்றி அத்தனை பேருக்கும் குத்தினார்கள். சாயங்காலம் வயலிலிருந்து திரும்பும் வரை காத்திருந்து குத்தினார்கள். 1975 மே மாதத்தில் அஸ்ஸாமில் கரீம்கஞ்சில் கண்டதுதான் இந்தியாவில் கடைசி. 1977இல் சோமாலியாவில் உலகத்தின் கடைசி இயற்கைத் தொற்று. 1980 மே 8ஆம் தேதி உலகத்தில் பெரியம்மை இல்லை என்று பிரகடனம் செய்தார்கள்.

இவ்வளவு பேருக்குக் குத்தினார்களே, கையை நீட்டியவரிடம் உன் ரத்தம் ஏவா, ஓவா என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்க அவசியமும் இல்லாதிருந்தது.

‘அப்படியானால் ரத்தப் பிரிவுக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடுங்களேன்’ என்று தோழர் கேட்பார். அப்படியும் சொல்ல முடியாது. விஞ்ஞானத்தில் நமக்குப் பிடித்த விடை, பிடிக்காத விடை என்று இல்லை.

1968இல் அமெரிக்காவில் நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் பரவிற்று. 1972இல் அதற்குக் காரணமான வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பிறகு, சம்மதித்த ஆட்களுக்கு அந்த வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது, சிலருக்கு எவ்வளவு கொடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. ஏன்? 2003இல் விடை வந்தது. நாம் சொன்ன ரத்தச் சர்க்கரை பெரும்பாலோருக்கு ரத்தத்தில் மட்டுமல்ல, எச்சிலிலும் குடல் சுவரிலும் இருக்கும். அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வைரஸ் குடலில் ஏறுகிறது. சிலருக்கு, ஐரோப்பியரில் ஐந்தில் ஒருவருக்கு, குடலில் அந்தச் சர்க்கரை வெளிப்படுவதில்லை. பிடி இல்லை, வைரஸ் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. பி பிரிவுக்காரருக்கும் இந்த வைரஸ் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இது சந்தேகமில்லாத சங்கதி. ஆனால் இதே வைரஸ் குடும்பத்தில் வேறு ரகங்கள் வேறு பிடியைப் பிடித்து ஏறுகின்றன. ஒரு ரகத்துக்குத் தப்பினவர் இன்னொரு ரகத்துக்குத் தப்புவதில்லை.

வைரஸ் அல்லாத ஓர் உதாரணமும் சொல்லுவோம். ஓ பிரிவுத் தோழர் கேட்டுக்கொள்ளட்டும். காலரா கண்டால் ஓ பிரிவுக்காரருக்குத்தான் அதிகக் கடுமை. கங்கை முகத்துவாரத்தில் ஓ பிரிவு குறைவாயிருப்பதற்குக் காலரா காரணமாயிருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. ஆகவே ‘நல்ல ரத்தம்’ என்று ஒன்று கிடையாது. ஓரிடத்தில் காக்கிறது இன்னோரிடத்தில் காட்டிக் கொடுக்கிறது.

இனி கொரோனா. அந்தத் துணுக்குச் செய்தி ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. 2020 மார்ச்சில் சீனாவில் ஊகான், ஷென்சென் நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் 2,173 நோயாளிகளைப் பார்த்ததில் ஏ பிரிவு சற்று அதிகம், ஓ பிரிவு சற்றுக் குறைவு என்று கண்டார்கள். அதே வருஷம் ஜூனில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்த 1,610 பேரை ஆராய்ந்ததில், ஏ பிரிவுக்கு ஆபத்து 45 சதவிகிதம் கூடுதல், ஓ பிரிவுக்கு 35 சதவிகிதம் குறைவு என்று வந்தது. இதைத்தான் நம் தோழர் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2021 ஏப்ரலில் அமெரிக்காவில் யூட்டா பக்கம் சோதனைக்கு வந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் கணக்கு வந்தது: ரத்தப் பிரிவால் வித்தியாசம் ஒன்றும் இல்லை! டென்மார்க்கில் நாலே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பேரைப் பார்த்ததில் நோய் கண்டவர்களில் ஓ பிரிவு 38 சதவிகிதம், ஊர் ஜனங்களில் 42 சதவிகிதம், சிறு வித்தியாசம். பல தேசத்து விஞ்ஞானிகள் சேர்ந்து 2021இல் வெளியிட்ட பெரிய கணக்கில், நோய் தொற்றுவதில் ஓ பிரிவுக்குச் சலுகை உண்டு, ஆனால் ஏறத்தாழப் பத்து சதவிகிதம்தான் என்று தெரிந்தது. முதலில் முப்பத்தைந்து, பிறகு பத்து. ஆட்கள் கூடக் கூட எண் சுருங்குகிறது. விதை நெல்லை ஒரு பிடி அள்ளிப் பார்த்துக் களத்து மகசூலைச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

இந்தப் பத்துக்கு அர்த்தம் என்ன? ஒரே மாதிரி இடத்தில், ஒரே மாதிரி வேலை செய்கிற மற்றப் பிரிவுக்காரர் நூறு பேருக்குத் தொற்றினால், ஓ பிரிவுக்காரர் தொண்ணூறு பேருக்குத் தொற்றும். தொண்ணூறு பேர், தோழர்களே! நம் தோழரின் மாமனார் அந்தத் தொண்ணூறில் ஒருவர். ஏ பிரிவு என்று பயந்த அந்த அம்மாவிடமும் இதே கணக்கைத்தான் சொன்னோம். சாவு ஒன்றும் எழுதியிருக்கவில்லை அம்மா, பக்கத்து வீட்டு ஓ பிரிவுப் பெண்ணுக்கும் உங்கள் மகளுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றோம். போட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூட வயசு.

இன்னொரு எண்ணையும் இதற்குப் பக்கத்தில் வையுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் சர்க்கார் புள்ளிவிவர இலாகா வெளியிட்டது. 2020 மார்ச் முதல் டிசம்பர் வரை, 20 வயது முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில் கொரோனாவால் செத்தவர்கள் லட்சத்துக்கு 31 பேர். ஆனால் மூட்டை தூக்குகிறவர், காவல் காப்பவர், துப்புரவு செய்கிறவர், பாக்டரியில் கையாள் வேலை செய்கிறவர் ஆகிய அடிமட்ட வேலைக்காரர்களில் லட்சத்துக்கு 66 பேர்! ரத்தப் பிரிவால் பத்து சதவிகிதம். செய்கிற வேலையால் இரண்டு மடங்கு. வேலையோடு வறுமை, நெருக்கடியான வீடு, பழைய வியாதி எல்லாம் சேர்ந்த கணக்கு அது என்பதும் மெய்தான். ஆனால் அவை வேலையிலிருந்து தனியாகவா வருகின்றன? ரத்தப் பிரிவைப் பற்றிய செய்தியை எத்தனை பத்திரிகைகளில் பார்த்தோம்! இந்த 66ஐ எத்தனை பேர் பார்த்தோம்?

காரணம் தெரிகிறது. ரத்தப் பிரிவை யாரும் மாற்ற முடியாது. ஆகவே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அறையில் பத்துப் பேரைப் படுக்க வைத்த ஹாஸ்டல், காற்றுப் போகாத செட், ஜுரத்தோடு வேலைக்கு வராவிட்டால் கூலி இல்லை என்ற சட்டம், இவற்றுக்கு ஒருவன் பதில் சொல்லியாக வேண்டும். ஜுரம் என்று லீவு கேட்டவரிடம் ‘உனக்கு ஓ தானே, ஒன்றும் ஆகாது, ஷிப்டுக்குப் போ’ என்று மேஸ்திரி சொன்ன கதையையும் நாம் கேட்டோம். விஞ்ஞானம் மேஸ்திரி கையில் அகப்பட்டால் இந்த கதிதான்.

அப்படியானால் ரத்தப் பிரிவு தெரிந்துகொண்டு பிரயோஜனம் இல்லையா? நிரம்ப உண்டு. அது வேறு இடத்தில். பிரசவத்தில், கார்டிங் மிஷினில் கை போனபோது, வண்டி கவிழ்ந்தபோது, ரத்தம் ஏற்றுகிற நேரத்தில் அதுதான் உயிர். ஓ நெகட்டிவ் சிவப்பு அணுவை அவசரத்துக்கு அநேகமாக யாருக்கும் ஏற்றலாம். அநேகமாக என்று ஏன் சொல்லுகிறோம்? 1952இல் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் பம்பாயில் ஒரு புதுப் பிரிவைக் கண்டுபிடித்தார்கள். சோதித்தால் ஓ மாதிரி தெரியும். ஓ ரத்தத்தை ஏற்றினாலோ உயிருக்கே ஆபத்து. நாம் சொன்ன அந்த மொட்டைச் சங்கிலியே அவர்களுக்கு முழுசாக இல்லை. பம்பாய்ப் பிரிவு என்றே பெயர். பம்பாய்ப் பக்கத்தில் பத்தாயிரத்தில் ஒருவர். அவர்களுக்கு அவர்கள் ரத்தம்தான். ஆகவே சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், ஆஸ்பத்திரியில் மறுபடி பொருத்திப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். ‘சீட்டு இருக்கிறதே, ஏன் தாமதம்’ என்று அங்கே சண்டை போடாதீர்கள்.

போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு பெரியாஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து பி நெகட்டிவ் வேண்டும் என்றபோது, யாருக்கு என்ன பிரிவு என்று தெரியாமல் லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். அதனால் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பெயர், பிரிவு, டிபார்ட்மெண்டு, எந்த ஷிப்டு என்று எழுதிவிட்டுப் போங்கள். விவசாயத் தோழர்கள் ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். பிரிவு தெரியாதவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடலாம்; சர்க்கார் ஆஸ்பத்திரியில் சோதித்து வந்த பிறகு நிரப்பிக்கொள்வோம். அந்த ஸ்பின்னிங் தோழர் கையெழுத்துதான் முதல் வரியில் இருக்கிறது. ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறார்.